செவ்வாய் ஓம் சொல்லவில்லை

இதை எழுதலாமா வேண்டாமா என்று வருடக்கணக்கில் யோசித்துவிட்டேன். பேனாவை எடுப்பேன். சொந்தக்காரனைப் பற்றி ஊருக்குச் சொல்வதா என்று மூடி வைத்துவிடுவேன். என் மனைவி கோமதியும், "விடுங்க, பெருமாள் பாத்துக்கிருவாரு" என்பாள். பெருமாள் பார்த்துக்கொள்வார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பொய்யை வாட்ஸ்அப்பில் அனுப்பியது பெருமாள் இல்லையே! மனிதன் செய்ததற்கு மனிதன்தான் பதில் சொல்ல வேண்டும். போன மாசியில் அந்த வீடியோ சுற்றிச் சுற்றி என் போனுக்கே வந்து சேர்ந்தது. அனுப்பியவர் எங்கள் தெருப் பால்காரர். கீழே கும்பிடும் கைகள் வேறு போட்டிருந்தார். அன்றைக்கு முடிவு செய்தேன், எழுதியே தீருவது என்று.

நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன். தச்சு வேலைக் குடும்பம். இப்போது காரைக்குடியில் பிளைவுட் கடை வைத்திருக்கிறேன், வீடு அமராவதிபுதூரில். குளித்து, நெற்றிக்கு இட்டு, விளக்கேற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முழுக்கப் படிக்காமலே "இவன் சாமி இல்லைங்கிற ஆளு" என்று யாரும் கிளம்பிவிடக் கூடாது.

எங்களுக்கு ஒரே மகள். திருக்கோஷ்டியூர் சௌமிய நாராயணப் பெருமாளிடம் வேண்டிப் பெற்றதால் சௌமியா என்று பெயர். அவள் சுவீடன் நாட்டின் வடகோடியில் கிருணா என்ற ஊரில் செவ்வாய் கிரகத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். பட்டம் தருவதற்கு முன்னால் அங்கே ஒரு சபை கூட்டுகிறார்கள். ஆராய்ச்சியைப் புத்தகமாக எழுதிய பிள்ளை அதில் நின்று கேள்விக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். பெற்றவர்களும் போய் உட்காரலாமாம். "நீங்க வந்தாத்தான்ப்பா எனக்குத் தெம்பு" என்றாள். கோமதிக்கு மூட்டு வலி, அவ்வளவு தூரம் முடியாது. நான் மட்டும் கிளம்பினேன்.

கோமதி முந்தின மாசித் தெப்பத்திலேயே மகளுக்காக விளக்கு எடுத்து வந்திருந்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். திருக்கோஷ்டியூர்த் தெப்பக்குளத்தில் வேண்டிக்கொண்டு ஒரு அகல் விளக்கை வீட்டுக்கு எடுத்து வருவார்கள். வேண்டியது நடந்தால் அடுத்த மாசியில் கொண்டுபோய் ஏற்றி வைக்க வேண்டும். விளக்கு வீட்டில் இருக்கிற வரைக்கும் அந்தக் காரியத்தைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். நல்லது நடக்கிற வரைக்கும் வாயைக் கட்டி வைப்போம். இந்த வழக்கம் எங்களை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுதப் போகிறேன்.

சுவீடனில் இறங்கியதும் முதல் கோபம் பெட்டியால் வந்தது. ஒரு பெட்டி வரவேயில்லை. சீப்புச் சீடை, தேன்குழல், அதிரசம், வத்தல், துளசி தீர்த்தம் எல்லாம் அதில்தான். கவுண்டரில் இருந்த பெண் சிரித்துக்கொண்டே ஒரு தாளைக் கொடுத்தாள். நான் அதட்டினேன். அவள் அதற்கும் சிரித்தாள். அந்த நாட்டில் கோபப்படுகிறவனுக்கு மரியாதையே இல்லை. என்னை அழைத்துப்போக வந்திருந்த சௌமியா, "அப்பா, இங்க சத்தம் போட்டா வேலை நடக்காது" என்றாள். சத்தம் போடாமல் வேலை நடக்கிற ஊரை நான் அன்றுதான் பார்த்தேன். பெட்டி இரண்டு நாள் கழித்து வீட்டு வாசலுக்கே வந்தது. சீடை மட்டும் மாவாகியிருந்தது.

வடக்கே போகும் ரயிலில் ஏறினோம். வெளியே பனியும் ஊசி இலை மரமும்தான். மரத்தைப் பார்த்தால் அடி, கன அடி என்று கணக்குப் போடுகிற கண் எனக்கு. அங்கே கணக்குப் போட்டு மாளவில்லை. பாதி வழியில் ரயில் நின்றது. ஒரு பனிமான் கூட்டம் தண்டவாளத்தில் படுத்திருக்கிறதாம். மணிக்கணக்கில் நின்றோம். ஒருவரும் இறங்கிக் கேட்கவில்லை, டிரைவரைத் திட்டவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "மாட்டை ஓட்டுற மாதிரி ஓட்டி விட வேண்டியதுதானே" என்று முணுமுணுத்தேன். எதிர் இருக்கையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த அம்மாள் என்னவோ சொன்னார். சௌமியா சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்: "உன் அப்பாவிடம் அந்தக் கோபத்தை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் வைக்கச் சொல். பனியாவது உருகும்." பிறகு அந்த அம்மாளே பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி, அதில் பாலாடைக்கட்டித் துண்டு போட்டுக் கொடுத்தார். காப்பியில் பாலாடைக்கட்டி! முகம் சுளிக்காமல் குடித்து முடித்தேன். பெருமாள்தான் துணை நின்றார்.

கிருணாவில் அப்போது சூரியன் வேலைக்கு மட்டம் போடுகிற ஆள் மாதிரிதான் வரும். காலையில் நாமம் இட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றால் வெளியே கும்மிருட்டு. மதியத்துக்குச் சற்று முன் தலையைக் காட்டும், நான் கும்பிட்டு முடிப்பதற்குள் போய்விடும். ஊருக்கு அடியில் இரும்புச் சுரங்கம் தோண்டியதால் நிலம் இறங்குகிறதாம். அதனால் ஊரையே பக்கத்தில் நகர்த்துகிறார்கள். பழைய மர வீடுகளை அப்படியே தூக்கி லாரியில் வைத்து, கதவு ஜன்னல் குலையாமல் கொண்டுபோய் இறக்குகிறார்கள். எங்கள் பக்கம் பர்மாத் தேக்குக் கதவைக் கடப்பாரை போட்டுப் பெயர்த்து, நிலை ஒரு கடையிலும் கதவு ஒரு கடையிலும் விற்கிறார்கள். சௌமியா காட்டிய அந்த லாரிப் படத்தைப் பார்த்தபோது வயிறு எரிந்தது.

மறுநாள் அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போனோம். வாசலில் ஒரு பலகை. அதில் என் மகள் எழுதிய புத்தகம், நட்ட நடுவில் ஆணி அடித்து மாட்டியிருந்தது! எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. காகிதம் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற ஜாதி நாம்.

"எவன் அடிச்சது இதை?"

"நான்தான்ப்பா அடிச்சேன்."

"சரஸ்வதிக்கு ஆணி அடிப்பியா நீ?"

"இங்க அதுதான்ப்பா முறை. சபை கூடுறதுக்கு முன்னாடியே எல்லாருக்கும் தெரியுற மாதிரி அடிச்சு வைக்கணும். யார் வேணாலும் படிக்கலாம். தப்பு இருந்தா வந்து கேக்கலாம்."

"தப்பு கண்டுபிடிக்கச் சொல்லி நீயே வெத்தலை பாக்கு வைக்கிறியா?"

"ஆமாப்பா. அதுக்குன்னே வெளியூர்லேருந்து ஒருத்தரை வரவழைக்கிறாக. குறை சொல்றதுதான் அவுக வேலையே."

நம்மூரில் அந்த ஆளுக்குச் சம்பந்தி என்று பெயர். அதைச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆணி கோணலாக இறங்கியிருந்தது. தச்சன் வீட்டுப் பெண் அடித்த ஆணியா இது என்று அதற்கும் ஒரு மூச்சு திட்டினேன்.

வீட்டுக்கு வந்து நான் ரசம் வைத்தேன். அங்கே கிடைக்கிற ரொட்டி ஒன்று அட்டை, இல்லாவிட்டால் பஞ்சு. உருளைக்கிழங்கை உப்பில்லாமல் அவித்துச் சாப்பிட்டுவிட்டு நன்றாக இருக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். சாப்பிட்டதும் சௌமியாவைக் கேட்டேன். "என்னதான் கண்டுபிடிச்ச? எனக்குப் புரியுற மாதிரிச் சொல்லு. நாளைக்கு ஊர்ல நாலு பேரு கேட்டா நான் சொல்லணும்."

அவள் கழுவின தட்டைக் கவிழ்த்துக் குழாய்க்குக் கீழே பிடித்தாள். தண்ணீர் தட்டில் விழுந்து மெல்லிசாக வேகமாகப் பரவியது. கொஞ்ச தூரம் போனதும் சட்டென்று வேகம் குறைந்து, வட்டமாக ஒரு வரப்பு போலத் தடித்து நின்றது. "பாத்தீகளா? சூரியன்லேருந்து எந்நேரமும் ஒரு காத்து வந்துக்கிட்டே இருக்குப்பா. மின்சாரம் ஏறுன துகளுக. அது கிரகத்துக்கு முன்னாடி வந்ததும் இப்படித்தான் திடீர்னு வேகம் கொறஞ்சு, சூடாகி, வில்லு மாதிரி வளைஞ்ச ஒரு வரப்பா நிக்கும். அந்த வரப்புக்கு முன்னாடி எழும்புற அலையைத்தான் நான் பாக்குறேன்."

"வரப்புக்கு முன்னாடி எதுக்கு அலை வருது? காத்து இன்னும் முட்டவே இல்லையே?"

"தேரோட்டத்துல பாத்திருக்கீகள்ல? முன்னாடி போனவுக நெரிசல்ல முட்டி, சில பேரு திரும்பி வருவாக. எதுக்க வார கூட்டம் மேல இடிச்சுக்கிட்டு வருவாக. அப்ப கூட்டமே ஒரு ஆட்டம் ஆடும்ல? அது மாதிரி. முட்டித் திரும்புன துகளால ஒரு அலை. செவ்வாய்லேருந்து ஹைட்ரஜன் கசிஞ்சுக்கிட்டே இருக்கு. அது இந்தக் காத்துல மாட்டி இழுபடுறதால இன்னொரு அலை. எது எதனால வந்துச்சுன்னு பிரிக்கிறதுதான் என் வேலை. செவ்வாய்ல ஒரு காலத்துல தண்ணி ஓடுச்சாம். அது எப்படிப் போச்சுங்கிற கணக்குல இதுவும் ஒரு துளி."

அந்த அலை காதில் கேட்காது. கருவி அளந்ததைப் பல மடங்கு வேகப்படுத்தி நாமாகக் காதுக்குக் கொண்டுவர வேண்டுமாம். அப்படிச் செய்ததை எனக்குப் போட்டுக் காட்டினாள். மெலிதாக, விட்டு விட்டு, தூரத்தில் யாரோ விசிலடித்துப் பழகுகிற மாதிரி இருந்தது. குக்கர் என்று சொன்னேன். கோபித்துக்கொண்டாள். எனக்கு உள்ளுக்குள் நெஞ்சு விம்மியது. பகவான் படைத்த ஒன்றை, யாரும் கேட்காத ஒன்றை, என் பிள்ளை உட்கார்ந்து கேட்கிறாள்.

சபைக்கு இரண்டு நாள் முன்பு கறிகாய் வாங்கப் போனபோது பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டேன். அங்கே பஸ் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டுப் போய்விடுகிறது, நம்மை எதிர்பார்ப்பதில்லை. குளிரில் மூக்கு இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி நின்றேன். ஒரு கார் நின்றது. "ஏறுங்க ஐயா, நம்மூரு ஆளு மாதிரி இருக்கீகளே" என்றார் உள்ளே இருந்தவர். மேலூர்க்காரர், பெயர் ரமேஷ், சுரங்கத்தில் வேலை. தாய்மொழி காதில் விழுந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரைப் பார்க்க வந்தேன் என்று சொன்னேன். அவர் வண்டியை ஓரங்கட்டினார்.

"அந்த ஓம் கண்டுபிடிச்ச பொண்ணு உங்க மகளா?"

"என்ன ஓம்?"

"தெரியாதா உங்களுக்கு? எங்கம்மா கூட அனுப்புனாக ஐயா. இந்தா பாருங்க."

போனில் என் மகளின் படம். பின்னால் சிவப்பாகச் செவ்வாய் சுற்றுகிறது. "செவ்வாய் கிரகத்தில் ஓங்காரம்! செட்டிநாட்டுப் பெண் விஞ்ஞானி கண்டுபிடிப்பு! தினமும் கேட்டால் செவ்வாய் தோஷம் விலகும்!" தம்பூரா சுருதியோடு ஒரு உறுமல், ம்ம்ம் என்று. ஒவ்வொரு உறுமலுக்கும் முன்னால் ஒரு ஆண் குரல் ஓ சேர்த்திருந்தது. எனக்குத் தெரிந்த குரல். என் மனைவியின் தம்பி நாகராசன்.

நாகராசன் ஆன்மிக வீடியோ போடுகிறவன். கோயில் கோயிலாகப் போவான், நல்ல குரல் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. சௌமியா எங்கள் குடும்பக் குரூப்பில் பிரியமாகப் போட்டிருந்த ஒலியை எடுத்துத்தான் இதைச் செய்திருக்கிறான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் மகள் ஜாதகத்தில் செவ்வாய் தோஷம். வந்த வரன்கள் அதனால் தட்டிப்போனதும், "செவ்வாய்க்காரி செவ்வாயையே படிக்கப் போயிட்டா" என்று கல்யாண வீட்டில் சிரித்ததும் இவனுக்குத் தெரியும். அந்தப் புண்ணில்தான் வியாபாரம்.

வீட்டு வாசலிலேயே நின்று கோமதிக்குப் போன் போட்டேன்.

"நாகராசன் போட்ட வீடியோ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ங்க."

"எப்பலேருந்து?"

"அது ஆச்சு... மழைக்கு முந்தியே. எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் சொல்லல. நீங்க கோவக்காரரு."

"பிள்ளைக்கு?"

"விளக்கு வீட்டுல இருக்குங்க. நல்ல காரியம் முடியுற மட்டும் குறை பேசக் கூடாதுல்ல? முடிஞ்சதும் பக்குவமாச் சொல்லுவோம்னு..."

"ஊரெல்லாம் தெரியும், உலகமெல்லாம் தெரியும், அவ ஒருத்திக்குத் தெரியாது! இதுக்குப் பேரு வேண்டுதலாடி?"

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. அன்றைக்கு வரவில்லை.

அடுத்து நாகராசன். எடுத்ததுமே, "மச்சான்! அங்குட்டுக் குளிரு எப்படி இருக்கு?" என்று சிரித்தான்.

"வீடியோவ அழிச்சிருடா மாப்ள."

"எதுக்கு மச்சான்? எத்தனை பேரு அழுதுக்கிட்டே கேக்குறாக தெரியுமா? நம்ம பிள்ளைக்கு எம்புட்டுப் பேரு!"

"அவ அப்படிச் சொல்லலையேடா!"

"சொல்லாட்டி என்ன? இருக்கிறதுதானே? பிரபஞ்சமே ஓம்தான். சாஸ்திரத்துல இருக்கிறதை அவ கருவி இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்கு. நான் லேசா எடுத்துக் குடுத்தேன், அம்புட்டுத்தான். பக்தி வளந்தா உங்களுக்குக் கசக்குதா?"

"ஓ யாரு போட்டது? நீயா, செவ்வாயா?"

"மச்சான், நல்ல நாளும் அதுவுமா வாயக் கெடுத்துக்காதீக" என்று வைத்துவிட்டான்.

மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். இப்போது என் முறை. சொன்னால் பிள்ளை சபைக்கு முன்னால் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால், குறை கண்டுபிடிக்கவே வருகிற அந்த ஆள் கையில் இது இருந்தால்? வேண்டுதல் விளக்கை நினைத்தேன், பயமாகத்தான் இருந்தது. பிறகு நினைத்தேன். பொய்யை மூடி வைத்தால் காப்பாற்றுவேன் என்று பெருமாள் எங்கேயும் சொன்னதில்லை. போய்ச் சொல்லிவிட்டேன்.

சௌமியா வீடியோவை ஒருமுறை பார்த்தாள். காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடி இன்னொருமுறை கேட்டாள். பிறகு அவள் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"அப்பா, இது செவ்வாயே இல்லப்பா."

"அப்புறம்?"

"விண்கலத்துக்குள்ள ஓடுற எந்திரத்தோட உறுமல். கருவி அதையும் சேத்து அளந்திரும். நான் குரூப்புல ரெண்டு ஒலி போட்டிருந்தேன்ல? சுத்தம் பண்றதுக்கு முன்ன ஒண்ணு, பண்ணுனதுக்கு அப்புறம் ஒண்ணு. மாமா முன்னதை எடுத்திருக்காக. இந்த உறுமலைப் பிரிச்சு எடுக்கத்தான்ப்பா நான் ஒரு வருஷம் உக்காந்தேன். இது நான் கழிச்சுப் போட்ட குப்பை."

கூட்டிக் கழித்து ஓரமாக ஒதுக்கிய குப்பையை எடுத்து, தலையில் ஓ சூட்டி, ஊரைக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வைத்திருக்கிறான். நான் கேட்கிறேன், இதில் எது பக்தி? அபிஷேகத்துக்குக் கறந்த பாலில் தண்ணீர் கலப்பவனைக் கோயில் வாசலில் நிற்க விடுவோமா?

அவள் என்மேல் கோபப்படவில்லை. "இப்பவாவது சொன்னீகளே. அங்க போய் நின்னப்புறம் கேட்டிருந்தா செத்தேபோயிருப்பேன்" என்றாள். அழுது முடித்து, கம்ப்யூட்டரைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள்.

சபை நாள். நான் வேட்டி, மேல் துண்டு, அதற்கு மேல் அவள் வாங்கித் தந்த குளிர் கோட்டு. முன் வரிசையில் உட்கார வைத்தார்கள். நான் வரச் சொல்லியிருந்த ரமேஷ் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். குறை கேட்க வந்தது பிரான்ஸ் நாட்டு அம்மாள், வெள்ளை முடி, கத்தரித்த மாதிரிப் பேச்சு. வரப்பில் எந்தத் துகள் திரும்பும், எவ்வளவு கசியும், இந்த அலையை அந்த அலை என்று நீ ஏமாந்திருந்தால் என்ன என்று குடைந்துகொண்டே போனார். சௌமியா பலகையில் வரைந்து வரைந்து பதில் சொன்னாள். சில கேள்விக்குத் தெரியாது என்றாள். நான் பதறினேன். "தெரியாதுன்னு சொன்னா இங்க மார்க்கு, ஐயா" என்றார் ரமேஷ்.

கடைசியில் அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். ரமேஷ் மெதுவாகச் சொன்னார்: "அந்த வீடியோவக் கேக்குறாக. 'உன் பெயரில் ஒன்று உலவுகிறது. அது நீ சொன்னதா?'"

என் மகள் என்னைப் பார்க்கவில்லை. நேராக நின்றாள். தயாராக வைத்திருந்த மூன்று ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டாள். முதலில் நாகராசன் செய்தது. அடுத்து அதிலிருந்து தம்பூராவையும் குரலையும் எடுத்துவிட்டால் மிஞ்சுகிற எந்திர உறுமல். கடைசியாக அதையும் நீக்கினால் மிஞ்சுகிற அந்த மெல்லிய விசில். பிறகு பேசினாள். ரமேஷ் ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார். "இதைச் செய்தவர் என் தாய்மாமன். இதை நம்புகிறவர்கள் என் ஊர்க்காரர்கள். அவர்களைப் பார்த்து நான் சிரிக்க மாட்டேன், நீங்களும் சிரிக்க வேண்டாம். ஆனால் இது என் முடிவு இல்லை. நான் சொன்னது அந்தப் புத்தகத்தில் இருப்பது மட்டும்தான்."

யாரும் சிரிக்கவில்லை. முடிவு சொல்கிற பெரியவர்கள் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து பட்டம் உண்டு என்றார்கள். கேக் வெட்டினார்கள். தப்பிப் பிழைத்த அதிரசத்தை நான் எடுத்து வைத்தேன். பிரான்ஸ் அம்மாள் இரண்டு தின்றார். அந்தக் குளிர் தேசத்தில் எனக்குக் கோபமே வராத ஒரு நாள் அதுதான்.

ஊர் திரும்பினேன். மாசி வந்தது. கோமதி விளக்கோடு திருக்கோஷ்டியூருக்குக் கிளம்பினாள். அந்தச் சாயங்காலம் குளத்தைச் சுற்றிப் படியெல்லாம் தீபம். நடுப்படியில் போனைக் கம்பில் மாட்டிக்கொண்டு நாகராசன். "இதோ, ஓங்காரம் கேட்ட சௌமியாவின் தாயார் விளக்குச் செலுத்துகிறார்" என்று கோமதி முகத்துக்கு நேரே நீட்டினான். நான் கம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், கோயில் வாசல்ல வச்சு..."

"கோயில் வாசல்ல வச்சுத்தான்டா கேக்குறேன். இந்தக் கோபுரத்து மேல ஏறி ஒரு மகான் ஊருக்கெல்லாம் மந்திரத்தைச் சொன்னாரே. குரு குடுத்ததுல ஒரு எழுத்துக் கூட்டுனாரா? நரகம் கிடைச்சாலும் பரவாயில்லைன்னு, உள்ளதை உள்ளபடி சொன்னாரு. நீ எந்தக் கோபுரத்துல ஏறி நிக்கிற?"

கூட்டம் கூடிவிட்டது. அவன் முகம் கறுத்தது. "பிள்ளைய மெரட்டிருக்காங்க மச்சான் வெள்ளைக்காரங்க. அதான் மாத்திப் பேசுது" என்றான். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அவனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. கோமதி என்னை விலக்கிவிட்டு முன்னால் வந்தாள். தம்பியைப் பார்த்து, "எம்மக பொய் சொல்லலடா. நீதான் சொன்ன. நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றாள். விளக்கைப் படியில் வைத்து ஏற்றினாள். அதற்கப்புறம் அவன் வீட்டில் அவள் கை நனைக்கவில்லை. ஆனாலும், கூடப்பிறந்தவன் பெயர் கெட வேண்டாம், எழுத வேண்டாம் என்று மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீடியோவை அவன் அழிக்கவில்லை. "உண்மையை மறைக்கும் வெளிநாட்டுச் சதி" என்று இன்னொன்று போட்டான்.

சௌமியாவுக்கு நம் நாட்டிலேயே வேலை பார்க்க ஆசை. ஒரு பெரிய இடத்தில் நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே போனதுமே ஒருவர், "நீங்கதானே அந்த ஓம் பொண்ணு?" என்று சிரித்தாராம். இன்னொருவர் எழுந்து கும்பிட்டாராம். அது பொய் என்று இவள் விளக்கினாள். கும்பிட்டவர் முகம் தொங்கிவிட்டது. "அப்ப அதுல ஒண்ணுமே இல்லையா?" என்றாராம். வேலை கிடைக்கவில்லை. காரணம் இதுதான் என்று நான் சாதிக்கவில்லை, எனக்குத் தெரியாது. போனில் அவள் சொன்னது மட்டும் தெரியும்: "சிரிச்சவரைக் கூட விடுங்கப்பா. கும்பிட்டவரைப் பாத்துத்தான் எனக்குப் பயமா இருந்துச்சு." இப்போது வேறொரு குளிர் தேசத்தில், வருடா வருடம் புதுப்பிக்கிற வேலையில் இருக்கிறாள்.

இதை எழுதி முடித்துக் கோமதிக்குப் படித்துக் காட்டினேன். வேண்டாம் என்று இந்தத் தடவை அவள் சொல்லவில்லை. "நான் வாயை மூடிக்கிட்டு இருந்ததையும் அப்படியே போடுங்க" என்றாள். போட்டுவிட்டேன்.

படித்தவர்கள் இதை மற்றவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சூரியனிலிருந்து வருகிற காற்று செவ்வாய்க்கு முன்னால் தடைபடுகிறது. அங்கே அலைகள் எழும்புகின்றன. எது எதனால் எழும்புகிறது என்று சௌமியா என்ற பெண் பிரித்துப் பார்த்தாள். அவள் செய்தது இதுதான். இதற்கு மேல் ஒரு எழுத்துக் கூட்ட வேண்டாம், ஒரு எழுத்துக் குறைக்கவும் வேண்டாம். பாட்டுப் போட வேண்டாம், அவள் படம் போட வேண்டாம். என் சாமியை இதில் இழுக்கவும் வேண்டாம், அவருக்குச் சாட்சி தேவையில்லை. பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று கீழே எழுதாதீர்கள். உங்களுக்கு ஒன்றும் நடக்காது. என் மகள் பெயர் என் மகளுக்குத் திரும்பக் கிடைக்கும், அவ்வளவுதான்.